முத்துலட்சுமி அம்மையாரும் காலத்தே நோய் காணும் பணியும்

பெரியோர் வரலாற்றை நாம் கற்பது அவர்தம் பெருமையை வியந்து அமைதற்பொருட்டு மட்டுமன்று. அவர் தொடங்கிவைத்து, நிறைவேறாது விட்டுச்சென்ற பணி யாது என்று கண்டு, அதில் நமக்குரிய பங்கை அறிந்துகொள்ளுதற்பொருட்டுமாகும். அங்ஙனம் நோக்குவார்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கை இன்றும் முடிவு பெறாத ஒரு நூல் போலவே காட்சியளிக்கின்றது.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலே, முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்து நெல்லும் திராட்சையும் விளையும் ஊர்களில், அம்மையாரின் பெயரைக் கேட்டறிந்த தாய்மார் பலர். ஏழைக் கருவுற்ற பெண்களுக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியிருப்பதே அதற்குக் காரணம். ஆயினும், பெயரை அறிந்தோர் அனைவரும் வரலாற்றை அறிந்தாரல்லர். அவர் தம் பிற்கால வாழ்வைப் புற்றுநோய் என்னும் கொடிய பகையோடு போராடுவதற்கே பெரிதும் அர்ப்பணித்தார் என்பதும், அப்போராட்டத்தின் ஒரு கிளை அதே பள்ளத்தாக்கின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை வந்து நிற்கின்றது என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஆதலின் அதனை ஈண்டு சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். மகாராஜா கல்லூரியின் தலைவராயிருந்த கல்விமான். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கமுடைய குலத்தில் தோன்றியவர். பெண்பிள்ளை எழுத்தறிந்தால் போதும் என்று ஊரார் எண்ணிய அந்நாளில், இச்சிறுமி மேலும் மேலும் கற்க விரும்பினார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் இசைவு தரவே, அக்கல்லூரியின் முதல் மாணவியாக அவர் நுழைந்தார்.

1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-ல் சிறப்புறத் தேறி வெளிவந்தார். பின்னர் எழும்பூர் அரசினர் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் முதல் பெண் உள்ளுறை மருத்துவராகப் பணியேற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். சமத்துவம் பேணுதலும், தாம் பிறர்க்குச் செய்யும் மருத்துவப் பணிக்கு இடையூறு நேராமையும் அம்மணத்திற்கு அவர் விதித்த நிபந்தனைகளாம்.

இந்நிலையில் 1923-ஆம் ஆண்டு அவர் குடும்பத்தில் ஒரு பேரிடி வீழ்ந்தது. அவருடைய இளைய சகோதரி நோயுற்றார். முதலில் அது வயிற்றுக்கடுப்பு என்று கருதப்பட்டது. பின்னரே மலக்குடற் புற்றுநோய் என்று தெரியவந்தது. தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. தமக்கை தேர்ந்த மருத்துவர். மருத்துவ நண்பர்களும் அருகிருந்தனர். இருந்தும் அவ்விளம் பெண்ணைக் காக்க இயலவில்லை. மருத்துவக் கல்வியின் உயர்ந்த படியில் நின்ற குடும்பத்திற்கே இக்கதி நேர்ந்ததாயின், கல்வியும் பொருளும் அற்ற ஏழையின் நிலை என்னாகும்? இவ்வினா அம்மையாரின் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. நோயின் கொடுமையோடு, அதனைக் காலந்தாழ்த்திக் காணும் கொடுமையும் சேர்ந்தே உயிரைக் கொள்ளுகின்றது என்பதை அவர் தம் இல்லத்திலேயே கண்டார்.

1925-ல் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று, லண்டனில் மகளிர் நோய் மருத்துவமும் புற்றுநோய் மருத்துவமும் கற்றுத் திரும்பினார். அடுத்து வந்த ஆண்டுகளில் நாடு அவரை வேறு பணிகளுக்கு அழைத்தது. சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக அமர்ந்து, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க மன்றத்திலும் மக்களிடையிலும் ஓயாது வாதாடினார். அதற்குரிய முழுமையான சட்டம் 1947-ல் நிறைவேறியது. காந்தியடிகள் சிறைப்பட்டபோது 1930-ல் தம் பதவியைத் துறந்தார். புகலிடமற்று வந்த சிறுமியர்க்காக அவ்வை இல்லத்தை நிறுவினார். இவை ஒவ்வொன்றும் தனித்தனி நூலாக விரியத்தக்கவை. நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறாதலின் இவற்றை இவ்வளவில் நிறுத்துகின்றோம்.

சகோதரியின் நினைவு இத்தனை பணிகளுக்கிடையிலும் மங்கவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் தம் விருப்பத்தை அவர் வெளியிட்டார். அக்காலத்தில் புற்றுநோய் என்பது மரணத்திற்கு மறுபெயர். எப்படியும் இறக்கப்போகும் நோயாளிக்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே எங்கும் நிலவியது. அம்மையார் அவ்வெண்ணத்தைத் தலைகீழாகக் கண்டார். நோயாளி இறப்பது நோய் தீராததனால் மட்டுமன்று; தீரக்கூடிய காலத்தில் அவரைக் காண்பார் இல்லாமையாலுமாம் என்பது அவர் துணிபு.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பெற்றது. 1952-ல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவமனை திறக்கப்பெற்றது. அதுவே இன்று உலகெங்கும் அறியப்படும் அடையாறு புற்றுநோய் நிலையம். அப்போது அம்மையாருக்கு வயது 67. பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் நன்கொடை கேட்டு வாயில்தோறும் நின்றார். அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அந்நிலையத்தின் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அதனையே தம் இல்லமாகக் கொண்டு உழைத்தார். 1956-ல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பெற்றது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நிற்க. அந்நிலையத்தின் வாயிலை நாடிவந்த பெண்களிடையே மிகுதியாகக் காணப்பட்ட நோய்களுள் ஒன்று கருப்பை வாய்ப் புற்றுநோய். கருப்பை, பிறப்புறுப்பின் வழியோடு சேரும் கழுத்துப் பகுதியே கருப்பை வாய். ஏழைப் பெண்களையே இந்நோய் மிகுதியும் தாக்குகின்றது. அவருட் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே வந்தனர். இதில் வருந்தத்தக்கது யாதெனில், புற்றுநோய்கள் பலவற்றுள்ளும் நமக்கு மிக நீண்ட அவகாசம் தந்து வருவது இதுவே என்பதாம்.

இதன் காரணம் இன்று ஐயமின்றித் தெரிந்துள்ளது. மனித பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமியின் சில வகைகளே இதனை விளைவிக்கின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹாவுசன் 1980-களில் நிறுவினார். 2008-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். உடலுறவின் வழிப் பரவும் இக்கிருமி மிகப் பொதுவானது. மணவாழ்வு புகுந்தோருட் பெரும்பாலோர்க்கு ஒருகால் அது தொற்றியிருக்கும். ஆதலின் அதனை எவருடைய ஒழுக்கத்திற்கும் அளவுகோலாக்குதல் அறியாமை. பெரும்பான்மையோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதனைத் தானே வென்றுவிடும். சிலரிடம் மட்டும் அது நிலைத்து நின்று, கருப்பை வாயின் உயிரணுக்களை மெல்ல மெல்ல மாற்றுகின்றது. அம்மாற்றம் புற்றாக முதிர்வதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். இந்நெடுங்காலத்தில் வலியில்லை, குருதியில்லை, யாதொரு குறியுமில்லை. மாதவிலக்கு அல்லாத நாளிலும், உடலுறவின் பின்னும், மாதவிலக்கு நின்ற பிறகும் குருதி தோன்றுதல், தீநாற்றமுடைய நீர் வடிதல் முதலிய அறிகுறிகள் பெரும்பாலும் நோய் வேரூன்றிய பின்னரே தலைகாட்டும். ஆகவே அறிகுறிக்காகக் காத்திருப்பது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதனை ஒக்கும்.

கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜார்ஜ் பாப்பனிகொலாவ் என்னும் அறிஞர், கருப்பை வாயினின்று எடுத்த உயிரணுக்களைச் சாயமேற்றி நுண்பெருக்கியிற் கண்டு, நோயை முன்னரே அறியும் முறையை வகுத்தார். 1943-ல் அது நூலாக வெளிவந்தது. அம்முறையை ஒழுங்காகக் கைக்கொண்ட நாடுகளில் இந்நோயால் நேரும் மரணம் பெரிதும் குறைந்தது. ஆனால், அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். பயின்ற கண்கள் வேண்டும். முடிவை அறியப் பெண் மீண்டும் வரவேண்டும். சிற்றூர்களில் இம்மூன்றும் ஒருங்கே கிட்டுவது அரிது.

இக்குறையை நீக்க வந்ததே அசெட்டிக் அமிலச் சோதனை. வினிகருக்குப் புளிப்பைத் தரும் அதே அமிலத்தை, நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை நீரிற் கலந்து கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். மாற்றமுற்ற இடம் வெண்படலமாகத் தோன்றும். அயோடின் நீரைத் தடவினால் நல்ல இடம் கரும்பழுப்பு நிறமடையும். மாறுபட்ட இடம் மஞ்சளாக நிற்கும். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், நல்ல விளக்கொளி, சில துளி மருந்து ஆகியவையே இதற்கு வேண்டும் கருவிகள். முடிவு அப்போதே தெரிந்துவிடும். வெண்படலம் கண்டவரெல்லாம் புற்றுநோயாளர் அல்லர். மேலும் ஆராய வேண்டியவர் என்பதே அதன் பொருள். முன்நிலை மாற்றம் சிறு அளவினதாயின், குளிரூட்டி உறையச் செய்தோ, வெப்பத்தாற் சுட்டோ அவ்விடத்தை அழித்துவிடலாம். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை.

இவ்வெளிய முறை உண்மையில் உயிர் காக்குமா என்னும் வினாவுக்கு விடை கிடைத்தது வேறெங்குமன்று. தேனிக்கு அண்டையிலுள்ள திண்டுக்கல் மாவட்டத்திலேயாம். அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையம், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையோடு இணைந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு பேராய்வைத் தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுள் 49,311 பேர் சோதனைக்கு அழைக்கப்பெற்ற ஊர்களைச் சேர்ந்தவர். 30,958 பேர் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமுள்ள ஊர்களைச் சேர்ந்தவர். அழைக்கப்பெற்றோருள் 31,343 பேர் வந்து சோதித்துக்கொண்டனர். சோதித்தவரும், முன்நிலை மாற்றத்திற்கு உறைவு மருத்துவம் செய்தவரும் பயிற்சி பெற்ற செவிலியரே. முடிவுகள் 2007-ல் வெளிவந்தன. அழைக்கப்பெற்ற ஊர்களில் இந்நோய் தோன்றுதல் நூற்றுக்கு 25 பங்கும், இந்நோயால் இறத்தல் நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த சோதனையின் பயன் இது. ஏழை நாடுகளின் மருத்துவ அறிஞர் பலர் அதன்பின் திண்டுக்கல்லை நோக்கினர்.

அதே 2007-ஆம் ஆண்டிலேயே உலக வங்கியின் உதவியோடு நடைபெற்ற தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், இச்சோதனையை அரசு மருத்துவத்தின் அன்றாடப் பணியாக்கும் முன்னோட்டத்திற்கு இரண்டு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒன்று தஞ்சாவூர், மற்றொன்று தேனி. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் 30 வயது கடந்த பெண்களுக்குக் கட்டணமின்றிச் சோதனை நடைபெற்றது. செவிலியரும் மருத்துவரும் பயிற்சி பெற்றனர். ஐயத்திற்குரியவர் மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பப்பெற்றனர். அம்முன்னோட்டத்தின் அனுபவமே பின்னர் தமிழகத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் இத்திட்டம் பரவுவதற்கு அடிப்படையாயிற்று. பென்னிகுயிக் அவர்களின் அணையால் 1895 முதல் நீர் பெற்ற பள்ளத்தாக்கு, தமிழகத்து மகளிர்க்கு ஒரு நல்வழி தொடங்கிய இடமுமாயிற்று என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

எனினும் பெருமை பேசி அமைதற்கு இடமில்லை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள தமிழகப் பெண்களுள் ஒருமுறையேனும் இச்சோதனை செய்துகொண்டவர் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட இல்லை. இந்தியா முழுமைக்கும் அது நூற்றுக்கு இரண்டைத் தொடவில்லை. உலக சுகாதார நிறுவனமோ, 2030-க்குள் நூற்றுக்கு 70 பெண்கள் உயர்தரச் சோதனை பெறவேண்டும் என்று இலக்கு வகுத்துள்ளது. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்கள் புதிதாக இந்நோயுற்றனர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். தடுக்கத்தக்க நோயால் இத்தனை உயிர் போவது எதனால்?

சோதனைக்குக் கட்டணமில்லை என்பதனால் செலவில்லை என்று எண்ணுதல் தவறு. போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் கூடலூரிலும் விடியுமுன் ஜீப் ஏறி, மலைமீதுள்ள ஏலத்தோட்டங்களுக்குச் சென்று இருட்டியபின் திரும்பும் பெண்ணுக்கு, சுகாதார நிலையம் திறந்திருக்கும் பொழுதெல்லாம் கூலிக்குரிய பொழுதே. ஒருநாட் சோதனை ஒருநாட் கூலியை விழுங்கும். ஐயத்திற்குரியவர் என்று கண்டு வேறோர் ஊருக்கு அனுப்பினால், இரண்டாம் நாளின் கூலியும், பேருந்துச் செலவும், உடன் வருவாரின் கூலியும் சேரும். இங்கேதான் பலர் நின்றுவிடுகின்றனர். சோதனையில் ஐயம் கண்டும் மேல்மருத்துவம் பெறாத பெண்ணுக்கு அச்சோதனை அச்சத்தை அன்றி வேறொன்றும் தந்ததாகாது. கூடுமானவரை அதே நாளில், அதே இடத்தில், சோதனையும் மருத்துவமும் முடிதல் வேண்டும் என்பதே அம்பிளிக்கை கற்பித்த பாடம். நோய் முற்றினால், கூடலூர்ப் பெண் கதிர்வீச்சு மருத்துவத்திற்காக மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியை வாரக்கணக்கில் நாடவேண்டி வரும். முன்னர் இழக்கும் ஒருநாட் கூலி எத்துணைச் சிறிது!

மற்றொரு தடை நாணம். வேலூரில் மருத்துவமனை கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார், ஆண் மருத்துவரைக் காண இசையாத குடும்பங்களின் பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டே மருத்துவம் கற்கத் துணிந்தார் என்பதை நாம் அறிவோம். அந்நாணம் இன்றும் முற்றும் மறையவில்லை. ஆகவே சோதனையைப் பெண் செவிலியரே செய்வதும், மறைவான தனியிடம் அமைவதும் சிறு வசதிகள் அல்ல. சோதனையின் இன்றியமையாத உறுப்புகளாம். பெண் தன் மாதிரியைத் தானே எடுத்துத் தரத்தக்க கிருமிச் சோதனையும் இப்போது வந்துள்ளது. அசெட்டிக் அமிலச் சோதனையைவிட அது கூர்மையானது. மாதவிலக்கு நின்ற பெண்டிர்க்கு அமிலச் சோதனை சரிவரப் பயன்படாத குறையும் அதில் இல்லை. 30 வயது முதல் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அதன் விலையும் ஆய்வுக்கூட வசதியும் சிற்றூரை எட்டுமளவும், செவிலியரின் விளக்கும் கண்ணும் நமக்குத் துணை. 9 முதல் 14 வயதுச் சிறுமியர்க்குரிய தடுப்பூசியும் உண்டு. எனினும் தடுப்பூசி பெறாது வளர்ந்துவிட்ட இன்றைய தாய்மாரைக் காப்பது சோதனை ஒன்றே.

முத்துலட்சுமி அம்மையார் இச்சோதனையைக் கண்டுபிடித்தாரல்லர். தேனித் திட்டத்தைக் காண அவர் உயிரோடிருக்கவுமில்லை. ஆயினும் அதன் உட்பொருளை அவர் 1923-லேயே தம் கண்ணீரால் அறிந்தார். கல்லூரிக்குள் பெண் நுழையாத காலத்தில் நுழைந்து, பேசத் தகாதவை என்று நாடு மூடிவைத்திருந்தவற்றை மன்றத்திற் பேசி, பயனில்லை என்று பிறர் கைவிட்ட நோயாளிக்கு மருத்துவமனை கட்டிய அவர் வாழ்வில் ஒரே இழை ஓடுகின்றது. நாணத்தாலும் வறுமையாலும் பெண் காலந்தாழ்த்தி வருதல் கூடாது என்பதே அவ்விழை.

நம் மாணவரும் மாணவியரும் இதில் செய்யத்தக்கது உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தாயையோ, அத்தையையோ, மூத்த சகோதரியையோ நோக்கி, இச்சோதனை செய்துகொண்டதுண்டா என்று வினவுதல் எளிதன்று. ஆண்மக்களுக்கு அது இன்னும் அரிது. எனினும் நீரிழிவையும் குருதி அழுத்தத்தையும் பற்றி வீட்டிற் பேசப் பழகிவிட்ட நாம் இதனையும் பேசப் பழகலாம். வாய் திறக்கத் தயங்குவோர், கிராம சுகாதாரச் செவிலியரை வீட்டிற்கு அழைத்து வந்தாலும் போதும். அவர் கேட்பதில் நாணமில்லை. தோட்டமுடையவர் வீட்டுப் பிள்ளைகள், தம் தோட்டத்துப் பெண்களுக்குக் கூலியோடு ஒருநாள் ஓய்வு அளிக்கும்படி தந்தையாரை வேண்டலாம். பழைய மாணவருட் பலர் மருத்துவராகவும் அலுவலராகவும் இருக்கின்றனர். சோதனையில் ஐயம் கண்ட பெண் மருத்துவம் பெற்றாளா என்று இறுதிவரை தொடர்ந்து காணும் பொறுப்பை அவர் ஏற்கலாம்.

ஆண்டுதோறும் ஜூலை 30-ஆம் நாள் அம்மையாரின் பிறந்தநாளை நாடு நினைவுகூர்கின்றது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்நாளை வீட்டிற்கு ஒரு பெண் சுகாதார நிலையம் செல்லும் நாளாகக் கொண்டாடுவோமாயின், அவர் விட்டுச்சென்ற பணியில் நம் பங்கைச் செய்தோராவோம்.